புரைக்குப் பின்னாலும் பாருங்கள்

அறுபதைத் தாண்டியவர் கண் மங்குகிறது என்று சொன்னால், "புரையாக இருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்" என்பதுதான் வீட்டில் வரும் முதல் பதில். பெரும்பாலும் அது உண்மையும்கூட. 2015-19 தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம்.

புரையை வெல்லும் வித்தையில் தமிழ்நாடு உலகுக்கே முன்னோடி. மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரையை அகற்றிய கண்ணில் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-ல் அரவிந்தின் அங்கமான ஆரோலேப் உள்ளூரிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. இலவச முகாமும் அறுவை சிகிச்சையும் கிராமங்களுக்குப் பழகிப்போயின.

ஆனால் இந்த வெற்றியே ஒரு மெத்தனத்தையும் வளர்த்துவிட்டது. முதுமையில் வரும் கண் கோளாறு எதுவானாலும் புரைதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அது.

கண் நீர் அழுத்த நோய் அப்படிக் காத்திருக்காது. கிளாக்கோமா எனப்படும் இந்நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் சுருங்கும். நேர்ப்பார்வை கடைசிவரை நிற்பதால், நாளிதழ் படிக்கிறவருக்கும் சந்தேகம் வராது. படியில் தடுக்கி விழும்போதுகூட 'வயசாகிவிட்டது' என்றே சொல்லிக்கொள்வார். கெட்டுப்போன பார்வை நரம்பை எந்த ஆபரேஷனும் மீட்காது. சொட்டு மருந்தும் லேசரும் எஞ்சியதைத்தான் காக்கும். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் ஆபத்து அதிகம். கண் உறுத்தலுக்கு மருந்துக்கடையில் தாங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுபவர்களும் இந்நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

'புரை முற்றட்டும்' என்று தள்ளிப்போடும் பழக்கமும் கேடுதான். அளவுமீறி முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, நரம்பையே அழித்துவிடக்கூடும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோரில் பெண்களே அதிகம். அடுப்படியை யார் பார்ப்பது என்ற கவலை அவர்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது.

அடுத்தது சர்க்கரை நோய். விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து சேதம் பெருகும்வரை பார்வை தெளிவாகவே இருக்கும் என்பதால், குறை தெரிந்தபின் போவது பலருக்குக் காலம் கடந்த செயலாகிவிடுகிறது. கதவு நிலையின் நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், அது முதுமையில் வரும் விழித்திரை மையத் தேய்வாக இருக்கலாம். புகைப்பவர்களுக்கு அதன் ஆபத்து கூடுதல்.

2021-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை நோய் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் படம் எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். புரை முகாம்களில் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதிப்பதும் விதியாக வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி மாற்ற அப்பா, அம்மாவை அழைத்துப் போகும்போது, கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நாற்பதைக் கடந்திருந்தால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.