கப்பல் கிரேன்: விதி வந்தது, கெடுவும் நீண்டது

கப்பலில் உள்ள கிரேன்களுக்கெனச் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் தனி விதி 2026 ஜனவரி 1-ல்தான் அமலுக்கு வந்தது. ஆண்டுதோறும் முழுப் பரிசோதனை. 5 ஆண்டுக்கொரு முறை பளுச் சோதனை. 10 டன் கிரேன் 12.5 டன்னைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

1979-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தமும் இதையே சொன்னது. ஆனால், அது ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

புதிய விதியிலும் ஓர் ஓட்டை. பழைய கிரேன்கள் கப்பலின் அடுத்த புதுப்பிப்புச் சோதனை வரை காத்திருக்கலாம். அது 5 ஆண்டுக்கொரு முறை வருவது. சிலவற்றுக்கு 2030 வரைகூட அவகாசம்!

கம்பிவடம் கெடு பார்த்து அறுவதில்லை. அதுவரை, சரக்கிறங்கும் முன் கப்பலின் சோதனைப் பதிவேட்டைத் துறைமுக அதிகாரிகள் கண்டிப்புடன் பார்ப்பதே கொக்கியின் கீழ் நிற்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு.