கணினியின் கணிப்பும் கையிலுள்ள எக்கோ தாளும்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணல் சேர்ந்து குறுகுவது ஒரே நாளில் நிகழ்வதன்று. படகு செல்லும் வழி சென்ற பருவத்தில் எவ்வளவு அகன்றிருந்தது, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டே கரையிலுள்ளோர் அதனை உணர்கின்றனர். இதய வால்வின் சுருக்கமும் ஏறத்தாழ அவ்வாறே வளர்கிறது. மைட்ரல் வால்வு திறக்கும்போது அதன் வாய் இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும், 1.5 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் அது கடுமையான சுருக்கம். அந்நிலையை ஒருவர் எப்போது அடைவார் என்பதை முன்கூட்டியே கூறுதல் மருத்துவருக்கும் எளிதன்று.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவ வருகிறது. எக்கோ படக்காட்சியைக் கணினி ஆராய்ந்து, பெருந்தமனி வால்வின் சுருக்கம் யாருக்கு விரைந்து முற்றக்கூடும் என்று மதிப்பெண் வழங்கும் முறையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். நாங்கள் இதனை வரவேற்கிறோம். ஆயினும் நம் ஊர்களில் அதனை அப்படியே நம்பிவிடலாகாது என்பதே எங்கள் கருத்து.

அக்கணினி கற்றது, பெரும்பாலும் முதுமையில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகும் வால்வைப் பற்றி. நம் நாட்டில் இளம் வயதினரின் மைட்ரல் வால்வு சுருங்குவதற்கு முதன்மைக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் வந்த தொண்டைப்புண்ணின் பின்விளைவு அது. நோயே வேறு, நோயாளரும் வேறு. இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால், வேலைக் களைப்பு என்றே வீட்டார் கருதுவர். அவளே கருவுற்றால் உடலில் குருதியின் அளவு பெருகும். குறுகிய வால்வு அதனைத் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இத்தகையோரின் எக்கோ படங்களைக் கொண்டு சோதித்த பிறகே எந்தக் கணிப்பு முறையும் நம் மருத்துவமனைகளுக்குள் நுழைய வேண்டும். பொன்னேரிக்கோ சென்னைக்கோ ஒருநாள் கூலியை இழந்து வருபவரிடம், "உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று தவறாகக் கூறி அனுப்பினால், அவர் மீண்டும் வருவது ஐயமே.

நம்மிடம் இன்றே உள்ள கருவி பழைய எக்கோ அறிக்கை. இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு தாள்களை அருகருகே வைத்தால், சுருக்கத்தின் வேகம் ஓரளவு தெரிந்துவிடும். மழைக்காலத்தில் நனையாதவாறு பிளாஸ்டிக் உறையிலிட்டு, குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள். கைபேசியில் படமெடுத்து மகனிடமோ மகளிடமோ கொடுத்து வைப்பதும் நன்று.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பெறுவோர், உடல் நலமாக இருக்கிறதே என்று எண்ணி, மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. காய்ச்சல் திரும்ப வருந்தோறும் வால்வு மேலும் கெடும். அதைத் தடுப்பது அந்த ஊசியே.

அடுத்த முறை வரும்போது பழைய தாள்களை எல்லாம் எடுத்து வாருங்கள். தொலைந்துபோயிருந்தால் அதற்காகக் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். புதிதாக ஒன்று எடுத்து, அதிலிருந்து தொடங்குவோம்.