ஞானப்பல் போன பிறகு

மனிதனுக்கு ஞானம் எப்போது வருகிறது என்பதைப் பற்றி வேதாந்திகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. பல் வைத்தியர்களுக்குள் அந்தப் பேதம் இல்லை. சாதாரணமாக 17 வயதுக்கு மேல் 25 வயதுக்குள் வருகிறது என்று அவர்கள் நிச்சயமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிராயத்தில்தான் கடைவாயின் கோடியில் மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக நான்கு பற்கள் தலைகாட்டுகின்றன. அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் லத்தீன் மொழியில் இதற்கு ஞானத்தின் பல் என்று பெயரிட்டார்கள். நாமும் ஞானப்பல் என்றே வழங்கி வருகிறோம். ஞானம் வரும்போது துன்பம் வருவது இயற்கை. ஆனால் இந்த வாரம் நான் எழுதப் புகுந்தது அதைப் பற்றி அன்று. ஞானம் போன பிறகும் சிலரை விடாமல் தொடரும் துன்பத்தைப் பற்றியே.

இந்தப் பல்லுக்கு ஏன் இவ்வளவு தொல்லை என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நம் முன்னோர்கள் கடினமான ஆகாரத்தை மென்று தின்றார்கள். அவர்களுடைய தாடை பெரிது. வேகவைத்த மெதுவான ஆகாரத்தை உண்டு பழகிய மனித குலத்துக்குத் தாடை சுருங்கிவிட்டது. பற்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஆகவே, கடைசியாக வரும் விருந்தாளிக்குப் பந்தியில் இலை இல்லை. அவர் பக்கத்து இலைக்காரர்மீது சாய்ந்துகொண்டோ, பாதி உள்ளும் பாதி வெளியுமாகவோ உட்கார்ந்துவிடுகிறார். ஈறு வீங்குகிறது, சீழ் பிடிக்கிறது, அடுத்த பல்லும் சொத்தையாகிறது. அப்போது எடுத்துவிடுவதே வழி. தொந்தரவு கொடுக்காமல் எலும்புக்குள் சும்மா கிடக்கும் பல்லை முன்ஜாக்கிரதையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷத்திலேயே அரசாங்க வைத்திய வழிகாட்டி ஒன்று வெளியாயிற்று. ஆகையால், "இந்தப் பல்லை எதற்காக எடுக்கிறீர்கள்?" என்று டாக்டரை மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

எடுக்கும்போது உண்டாகும் வலியை விஞ்ஞானம் வென்றுவிட்டது. 1844-இல் ஹோரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் சிரிப்பு வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே எடுக்கச் செய்து பரீட்சித்தார். ஸ்வீடன் தேசத்து ரசாயன நிபுணர் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் லிடோகேய்ன் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். ஈற்றில் ஓர் ஊசி போட்டால் போதும், மரத்துப்போகிறது. நாற்காலியில் இருக்கும் வரையில் நோயாளி ராஜா. வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை ஆரம்பமாகிறது.

எது சாதாரணம், எது அசாதாரணம் என்று பிரித்து அறியத் தெரிந்தால் பாதிப் பயம் நீங்கிவிடும். முதல் நாள் எச்சிலில் சிவப்பு கலந்திருப்பது சாதாரணம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வந்து, பிறகு நாளுக்கு நாள் வடிய வேண்டும். வலியும் அவ்வாறே. வாய் திறப்பது ஒரு வாரம் கஷ்டமாக இருக்கலாம். தாடையின் தசைகள் நொந்துபோயிருப்பதே காரணம். தம் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட முடிந்தால் வாய் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு இது சரியாகிவிடும். சட்டம் இதுதான்: ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சற்று மேலாக இருக்க வேண்டும். குறைந்து வந்த வலி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திரும்பி அதிகமானால் அதை அலட்சியம் செய்யலாகாது.

அப்படித் திரும்பி வரும் வலிக்கு மிகவும் பிரசித்தமான காரணம் ஒன்று உண்டு. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு மூடிபோல் நிற்கிறது. அதன் அடியில்தான் புதுச் சதையும் புது எலும்பும் வளர்கின்றன. அந்த மூடி கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால், உள்ளே உள்ள எலும்பு வெறுமையாகக் காற்றுக்கும் உணவுக்கும் எதிரே நிற்கிறது. 1896-இல் க்ராஃபோர்டு என்ற அமெரிக்க வைத்தியர் இதை முதன்முதலாக விவரித்து, 'உலர்ந்த குழி' என்று பெயரிட்டார். வலி காது வரையிலும் நெற்றிப்பொட்டு வரையிலும் ஓடும். வாயில் துர்நாற்றமும் கெட்ட ருசியும் இருக்கும். ஆயினும் ஜுரம் பெரும்பாலும் இராது. சாதாரணப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாகவே இது வருகிறது. கீழ்த்தாடையில் புதைந்த ஞானப்பல் எடுத்தவர்களிலோ சில ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு 30 பேர் வரையில் காணப்பட்டிருக்கிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் ஸ்திரீகளுக்கும் அதிகம்.

எனக்கு உறவான ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டு மருமகளுக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தார்கள். மூன்று நாள் நன்றாகவே இருந்தாள். நான்காம் நாள் இரவு காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் வலி எடுத்தது. மாமியார் கெட்டவரல்லர். "இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது ஒரு வலியா, அம்மா! பல்லைப் பிடுங்கினால் வலிக்கத்தானே செய்யும்?" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். மருமகளும் அதை நம்பி, தன்னிடந்தான் பொறுமை போதவில்லை என்று எண்ணிக்கொண்டாள். அடுப்படி வேலை நிற்கவில்லை. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் நிற்கவில்லை. இராத் தூக்கம் மட்டும் நின்றுவிட்டது. எட்டாம் நாள் அவள் தமையன் வந்து, முகத்தைப் பார்த்து, கையோடு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனான். குழியை உப்பு நீரால் கழுவி, மருந்து தோய்ந்த துணித் திரியை வைத்தார்கள். கால் மணி நேர வேலை. அன்று இரவு அவள் படுத்தவள் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தாள். நான்கு இரவுகளை அவள் வீணாகக் கொடுத்திருந்தாள்.

அந்தத் திரியில் இருந்த மருந்தின் வாசனை நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அந்நியமன்று. கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினால்தான் அது. நம் பாட்டிமார் பல் வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னது வெறும் நம்பிக்கையன்று என்பது நமக்குப் பெருமையே. ஆனால் பெருமையோடு அவசரமும் கூடாது. கடையில் வாங்கிய தைலத்தைத் தாமே குழிக்குள் ஊற்றினால் ஈறு வெந்துபோகும். எவ்வளவு, எப்படி என்பது வைத்தியர் கையில் இருக்கட்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இது கிருமியால் வரும் சீழ் அன்று. ஆகையால் மருந்துக் கடைக்காரரிடம் கிருமிநாசினி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவதால் இந்த வலி தீராது.

இரண்டாவது துன்பம் வலியே இல்லாத துன்பம். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுவே. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு அந்த நரம்பை ஒட்டியே இருக்கும். உட்புறமாக நாக்குக்குச் செல்லும் நரம்பும் சமீபத்திலேயே இருக்கிறது. பல்லை எடுக்கும்போது இவை நசுங்கினாலோ இழுபட்டாலோ உதடோ நாக்கோ மரத்துப்போகும். ஊசி மருந்தின் மரமரப்பு சில மணி நேரத்தில் விலக வேண்டும். மறுநாளும் விலகாவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கும் நண்பர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. கீழ் உதட்டின் வலப்பாதி அவருடையதாகவே இல்லை. சவரம் செய்யும்போது கீறிக்கொண்டு, இரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஒரு நாள் மத்தியானம் மோர் சாதத்துப் பருக்கை மோவாயில் ஒட்டியிருக்க, அது தெரியாமல் அசோக சக்கரவர்த்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வகுப்பில் சிரிப்புப் பரவிற்று. கடைசிப் பெஞ்சியில் இருந்த ஒரு பையன் மாத்திரம் சிரிக்கவில்லை. தன் மோவாயை விரலால் மெல்லத் துடைத்துக் காட்டினான். நண்பருக்கு விளங்கிற்று. அன்று முதல் மேஜைமேல் கைக்குட்டை வைத்துக்கொண்டார்.

அவரை வாட்டியது பருக்கை அன்று, பயம். பக்கவாதம் வந்துவிட்டதோ என்று வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மூன்று வாரம் தவித்தார். இந்த நரம்பு உணர்ச்சியைச் சுமப்பது. உதட்டை அசைப்பது வேறொரு நரம்பு. பக்கவாதத்தில் வாய் கோணும். இதில் கோணாது, உணர்ச்சி மாத்திரம் இராது. இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருந்தால் மூன்று வாரத்துத் தவிப்பு மிச்சமாகியிருக்கும். ஐந்தாவது மாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு ஆரம்பித்தது. அது நல்ல சகுனம். நரம்பு விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உணர்ச்சி திரும்பிவிடுகிறது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அது நிரந்தரமாக நிற்கிறது. மூன்று மாதமாகியும் சிறிதும் உணர்ச்சி தெரியாவிட்டால் வாய், தாடைச் சிகிச்சை நிபுணரிடம் அவசியம் போக வேண்டும். நரம்பைச் சீர்படுத்தும் நுண்ணிய சிகிச்சை உண்டு. காலம் கடந்தால் அதன் பயன் குறையும்.

மூன்றாவது வகை உண்மையிலேயே அபாயமானது. ஜுரம், பெருகும் வீக்கம், சீழ், விழுங்க முடியாமை, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அடையாளங்கள். தாடைக்கு அடியில் இரு பக்கமும் விஷ வீக்கம் பரவி மூச்சை அடைக்கும் இந்த வியாதியை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய வைத்தியர் விவரித்தார். இதற்கு மறுநாள் என்ற பேச்சே கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்லாம் ஆறிவிட்டது என்று எண்ணியிருக்கும்போது மூன்று, நான்கு வாரம் கழித்துக் கன்னம் வீங்குவதும் சிலருக்கு உண்டு. மேல்தாடைப் பல் எடுத்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது அது மூக்கு வழியாக வந்தால், குழிக்கும் அதன் மேலுள்ள காற்றறைக்கும் வழி ஏற்பட்டுவிட்டது என்று அறியலாம். மூக்கைச் சிந்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். இதற்கு மாறாக, சில வாரம் கழித்து ஈற்றில் ஊசிபோல் ஒரு சிறு எலும்புத் துணுக்கு தலைநீட்டினால் அதற்காக நடுங்க வேண்டாம். அது பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். குத்தினால் டாக்டர் ஒரு நொடியில் எடுத்துவிடுவார்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. முதல் 24 மணி நேரம் வாயைக் கொப்புளிக்கவும் கூடாது. காறித் துப்பவும் கூடாது. எதையும் உறிஞ்சிக் குடிக்கவும் கூடாது. இரத்த மூடியைப் பெயர்ப்பவை இவைதாம். உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கும் நம் வழக்கம் இங்கே உதவும். ஆவி பறக்கும் காப்பியைத் தியாகம் செய்ய வேண்டும். இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆறிய கஞ்சி, குழைந்த மோர் சாதம், இளநீர் போதும். முதல் நாள் கன்னத்துக்கு வெளியே ஐஸ் வைக்கலாம். சுடு ஒத்தடம் வீக்கத்தை வளர்க்கும். மறுநாள் முதல் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாக அலம்ப வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை, வெற்றிலை பாக்கு ஆகியவற்றை ஒரு வாரமாவது நினைக்கவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்கவோ எலும்பு தேயாதிருக்கவோ மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைப் பல்லை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே படத்தில் வேரும் நரம்பும் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் நன்று. மிகவும் நெருக்கமாயிருந்தால் வேரை விட்டுவிட்டு மேற்பகுதியை மாத்திரம் எடுக்கும் முறையும் உண்டு.

இவ்வளவு கேள்வி கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் நம் தேசத்தில் படித்த பல் வைத்தியர்கள் இருப்பது தானாக நேர்ந்ததன்று. முச்சந்தியில் குறட்டோடு உட்கார்ந்திருந்தவரை விட்டால் வேறு கதியில்லாத காலத்தில், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை ஸ்தாபித்தார். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், பல் வைத்தியர்களுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. பதிவு செய்துகொள்ளாதவர் தொழில் நடத்தக் கூடாது என்று ஏற்பட்டது. 1964-இல் தேசம் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அவர் முயற்சியின் பலனை நாம் முழுதும் அடைய வேண்டுமானால், பல்லை எடுத்த பிறகும் வைத்தியரிடம் திரும்பிப் போகக் கூச்சப்படலாகாது. "எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, இனி என்ன" என்று எண்ணுவது தவறு. திரும்பி வருபவரைப் பார்ப்பதும் அவர் கடமையில் சேர்ந்ததே.

பொறுமை பெரிய குணந்தான். ஆனால் வலி என்பது தேகம் அனுப்பும் கடிதம். அதைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் போட்டுவைப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை. முக்கியமாக நம் வீட்டுப் பெண்கள் கேட்டால்தான் சொல்வார்கள்; இரண்டு தரம் கேட்டால்தான் உண்மையைச் சொல்வார்கள். ஆகவே வீட்டில் யாருக்காவது ஞானப்பல் எடுத்திருந்தால், முதல் நாள் எல்லோருமாகக் கூடி விசாரிப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். நான்காம் நாள் காலையில் ஒரு தரம், "நேற்றைவிட இன்று தேவலையா?" என்று கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.