வட்டில் எங்கே போயிற்று?

தேவர்கள் தந்த கடிகாரம் ஒன்று நம் கோயில்களில் இருந்தது, அதைத் தொலைத்துவிட்டோம், அன்றிலிருந்துதான் நமக்குக் காலம் சரியில்லை என்று ஒரு பேச்சு உண்டு. கம்மாபுரத்தில் ஒரு பெரியவர் என்னிடம் இதை மனம் உருகிச் சொன்னார். அவருடைய வருத்தம் உண்மைதான், கதைதான் உண்மையில்லை. கதையைத் திருத்தாமல் வருத்தத்தை மட்டும் வளர்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் கட்சி.

தொலைந்தது என்ன? நாழிகை வட்டில். அடியில் சிறு துவாரமிட்ட செம்புக் கிண்ணம். தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டால், துவாரத்தின் வழியே நீர் ஏறி ஒரு நாழிகையில் மூழ்கும். நாழிகை என்பது 24 நிமிஷம். பகலும் இரவுமாக 60 முறை மூழ்க வேண்டும் என்று சூரிய சித்தாந்தம் கணக்குச் சொல்கிறது. இதில் தேவர்கள் எங்கே வந்தார்கள்? கிண்ணத்தைத் தட்டியவன் கன்னான். மூழ்கிய போதெல்லாம் எடுத்துக் கவிழ்த்து, மறுபடி மிதக்க விட்டு, எண்ணிக்கை தப்பாமல் கண் விழித்திருந்தவனும் மனிதனே. முல்லைப்பாட்டில் அரசனுக்கு நாழிகை சொல்லுகிறவர்கள் வருகிறார்கள். சிலப்பதிகாரத்தில் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். புலவர்கள் கண்ணில் பட்டவர்கள் நம் கண்ணில் படவில்லை. கிண்ணத்தைத் தெய்வமாக்கியவுடன், விழித்திருந்தவன் மறைந்து போகிறான்.

இன்னொரு கேடும் உண்டு. தெய்வத்தில் பிழை பார்க்க முடியாது; கருவியில் பார்த்தே ஆக வேண்டும். துவாரத்தில் அழுக்குச் சேர்ந்தால் வட்டில் மெதுவாக மூழ்கும். நீர் குளிர்ந்தாலும் அப்படியே. லீலாவதி கதையை எண்ணிப் பாருங்கள். பாஸ்கராசாரியார் மகளின் முகூர்த்தத்துக்கு வட்டில் வைத்தாராம். அவள் குனிந்து பார்க்கையில் முத்து ஒன்று விழுந்து துவாரத்தை அடைத்ததாம். வேளை தப்பிப் போயிற்றாம். கட்டுக்கதையாகவே இருக்கட்டும். கட்டியவனுக்குக்கூடக் கருவி தவறும் என்று தெரிந்திருந்தது!

வெள்ளைக்காரன் கொண்டு போய்விட்டான் என்பார்கள். அவன் கொண்டு போனது வட்டிலை அல்ல, ஊர் நேரத்தை. 1906 ஜனவரி 1 முதல் கிழக்கு 82½ டிகிரி ரேகையின் நேரமே இந்தியாவின் நேரம் என்றாயிற்று. கம்மாபுரம் அதற்கு மேற்கே மூன்று டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிஷம். ஆகவே கடிகாரம் பன்னிரண்டு அடித்து, சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் கழித்துத்தான் சூரியன் இங்கே உச்சிக்கு வருகிறது. இதை நான் குற்றம் சொல்லவில்லை. ஊருக்கொரு நேரம் வைத்துக்கொண்டு ரயில் விட முடியாது.

நான் குற்றம் சொல்வது நம்மை. ராகு காலம் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலில் எட்டில் ஒரு பங்கு. உதயமோ இங்கே ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே. ஜனவரிக் கடைசியில் ஆறரைக்கு மேல். தினசரிக் காலண்டரில் மட்டும் திங்கட்கிழமை என்றால் வருஷம் முழுவதும் ஏழரை முதல் ஒன்பது! எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. அது வேறு விஷயம். நம்புகிறவராவது கணக்கை மதிக்க வேண்டாமா? மிர்ஜாப்பூர்ப் பக்கத்து ரேகைக்கு ஓடும் கடிகாரத்தைப் பார்த்து, பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்மாபுரத்து வாசலில் நிறுத்தி வைப்பது எந்த சாஸ்திரம்? தேவ கடிகாரத்துக்குக் கண்ணீர் விடுகிறவர்கள் சூரியனை அண்ணாந்து பார்ப்பதில்லை.

வட்டில் திரும்ப வேண்டுமானால் வானத்தைக் கும்பிட வேண்டியதில்லை. பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் இருக்கின்றன. பொம்மை செய்கிற கை கிண்ணமும் செய்யும். அடியில் துளையிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 24 நிமிஷத்தில் மூழ்கும்வரை துளையைத் திருத்தட்டும். பத்துக் கிண்ணம் கெடும், கெடட்டும். பிறகு அந்தப் பிள்ளையிடம் போய், தேவர்கள் தந்த கடிகாரம் ஒன்று இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு எத்தனை நிமிஷம் பிந்தும் என்று கேட்பான்.