பெயர் மட்டும் போதாது

நீல எல்.இ.டி.க்கு வழிவகுத்த காப்புரிமைக்காக ஷுஜி நகமுராவுக்கு அவர் வேலை பார்த்த நிச்சியா நிறுவனம் கொடுத்த வெகுமதி 20,000 யென். இன்று நம் வீட்டு விளக்கிலும் தெருவிளக்கிலும் எரியும் வெள்ளை வெளிச்சத்துக்கு அந்த நீல ஒளிதான் மூலம். 2014-ல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜப்பானின் டோகுஷிமா மாகாணத்தில் நிச்சியா அப்போது சின்ன நிறுவனம். அதன் நிறுவனர் நொபுவோ ஒகாவா பெரிய மனது படைத்தவர். மற்றவர்கள் கைவிட்ட ஆராய்ச்சிக்குக் கோடிக்கணக்கான யென் ஒதுக்கினார். 1988-ல் நகமுராவை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பிப் புதிய தொழில்நுட்பம் கற்கவைத்தார். அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வந்த அவருடைய மருமகனோ, ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னார். நகமுரா நிறுத்தவில்லை. 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி. உலகுக்கு வந்தது, நிச்சியாவும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1999-ல் வேலையை விட்டு கலிஃபோர்னியா சென்ற நகமுரா, பிறகு வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது.

ஒரே ஆராய்ச்சிக்கு ஒரு முதலாளி பணம் கொடுத்தார், அடுத்தவர் பூட்டுப் போடப் பார்த்தார். நிர்வாகப் பொறுப்பு கைமாறினால் ஆய்வகத்தில் இருப்பவரின் கதியும் மாறுகிறது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிட அனுமதிப்பது உலகறிந்த செய்தி. 1968-ல் அங்கே உருவான ஒட்டியும் ஒட்டாத பசை, 'போஸ்ட்-இட்' தாளாகக் கடைக்கு வர 12 ஆண்டுகள் ஆயின. அந்தப் பொறுமை போற்றத்தக்கது. ஆனால் நிர்வாகம் நினைத்தால் திரும்பப் பெறக்கூடிய சலுகை அது. கண்டுபிடிப்பின் பலனில் பங்கு என்பது சட்டத்தில் இருக்க வேண்டிய உரிமை.

பிரிட்டனில் அந்த உரிமை 1977-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பெறுவதற்குள் இயன் ஷாங்க்ஸ் பட்ட பாடு கொஞ்சமல்ல. யூனிலீவரில் வேலை பார்த்த அவர் 1982-ல், மகளின் பொம்மை நுண்ணோக்கிப் பெட்டியில் இருந்த தகடுகளையும் கிளிப்புகளையும் வைத்து, ரத்தச் சர்க்கரை அளவிடும் கருவியின் முன்மாதிரியை வீட்டிலேயே செய்தார். அந்தக் காப்புரிமைகளால் நிறுவனம் ஈட்டியது சுமார் 2.4 கோடி பவுண்டு. 2006-ல் அவர் பங்கு கேட்டபோது, யூனிலீவர் போன்ற பெரிய நிறுவனத்துக்கு இது அப்படியொன்றும் சிறப்பான லாபமில்லை என்ற வாதம் 13 ஆண்டுகள் அவர் வழியை மறித்தது. 2019 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, பணத்தின் கால மதிப்பையும் சேர்த்து 20 லட்சம் பவுண்டு தரச் சொன்னது. நிறுவனம் பெரியது என்பதே கண்டுபிடித்தவருக்குக் கொடுக்காமல் இருக்கக் காரணமாகிவிடக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

இந்தியாவில் ஷாங்க்ஸ் வழக்கே போட்டிருக்க முடியாது. நமது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, கண்டுபிடித்தவரின் பெயரைக் காப்புரிமையில் குறிப்பிட வழிசெய்கிறது. அப்படிக் குறிப்பிடுவதால் எந்த உரிமையும் வந்துவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊழியருக்கு ஈட்டுத்தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலைக்குச் சேரும் அன்றே, இனிமேல் கண்டுபிடிக்கப்போகும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நம் இளைஞர்கள் ஆராய்ச்சிப் பிரிவுகளில் நுழைகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஒரகடத்திலும் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் பொறியியல் மையங்களில் பிறக்கும் காப்புரிமைகள் பலவும் அயல்நாட்டுத் தலைமையகத்தின் சொத்தாகப் பதிவாகின்றன. இது அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

சம்பளம் கொடுத்தோம், ஆய்வகம் கொடுத்தோம், தோற்றுப்போன நூறு முயற்சிகளின் நஷ்டத்தையும் நாங்களே சுமந்தோம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் நியாயம் உண்டு. அதனால்தான் யாரும் முழு லாபத்தையும் கேட்கவில்லை. ஷாங்க்ஸுக்குத் தரப்பட்ட பங்கே 5 சதவீதம்தான். ஜெர்மனியில் 1957 முதல் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்று தனிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதனால் போஷோ சீமென்ஸோ கடையைக் கட்டிவிடவில்லை. அமெரிக்காவில் இப்படியொரு சட்டம் இல்லையே என்று கேட்கலாம். அங்கே பங்குரிமை தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பிடிக்காவிட்டால் விலகிப் போய் முதலீடு திரட்டவும் வழி இருக்கிறது. 1957-ல் வில்லியம் ஷாக்லியின் குறைக்கடத்தி ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கியதிலிருந்துதான் சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்தது. அந்த வாய்ப்பு வாய்க்காதவர்களே இங்கு அதிகம்.

ஐ.ஐ.டி.களில் உரிமத் தொகையில் கண்டுபிடித்தவருக்குப் பங்கு தரும் விதிகள் ஏற்கெனவே உண்டு. அரசு நிறுவனத்தின் பேராசிரியருக்குச் சரியானது, தனியார் நிறுவனத்தின் பொறியாளருக்கு மட்டும் எப்படித் தவறாகும்?

தனியார் ஆராய்ச்சியை ஊக்குவிக்க ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. ஆராய்ச்சிக்கு நம் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத நிலையில், இந்தத் திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால் இத்திட்டத்தின் கீழ் மக்கள் பணத்தில் கடன் பெறும் நிறுவனம், அந்த ஆராய்ச்சியில் விளையும் காப்புரிமையின் வருவாயில் தன் ஊழியருக்குப் பங்கு தரும் விதியை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசு உடனே சேர்க்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வேலை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாத உரிமையாக இதை மாற்றுவது அடுத்த கட்டம். தகராறு வந்தால் தனி மனிதர் ஒருவர் 13 ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்க முடியாது. ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகத்தில் இருப்பதைப் போன்ற சமரசக் குழு ஒன்று சென்னை உள்ளிட்ட நமது காப்புரிமை அலுவலகங்களிலும் வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடு பாராமல் இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.