இரும்பு மனசும் கொடைக்கானல் மேகமும்

வேலையில் அடிபட்டவர் மனசை இரும்பாக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம். 'மன உறுதி' பாடம் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு ஒரு நடை போய்வந்தால் வாயடைத்துப் போவார்கள்.

வானியலாளர் வேணு பாப்பு 1960ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சூரியனைப் பார்க்க அருமையான இடம். நட்சத்திரம் பார்க்கவோ, இரவில் மேகம் விடவில்லை. அவர் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாரா? வேறு இடம் தேடினார். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூரைக் கண்டுபிடித்து, 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார். அதே காவலூரில்தான் 1977ல் யுரேனஸின் வளையங்கள் பதிவாயின. கொடைக்கானலையும் மூடவில்லை, பகல் அதற்கு, இரவு இதற்கு. இதைப் பிடிவாதம் என்பீர்களா, கணக்கு என்பீர்களா?

அவருடைய பெருங்கனவான 2.34 மீட்டர் தொலைநோக்கி முடிவதற்குள், 1982ல் பாப்பு இறந்துபோனார். கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்தவர்களும் கருவியைக் கட்டியவர்களும் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரியில் அது அவர் பெயரிலேயே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செத்தவருக்கு என்ன மன உறுதி, ஐயா? பின்னால் ஆள் இருந்தது, பணம் இருந்தது, நிறுவனம் இருந்தது.

வேலை போனவனிடம் மனசைப் பற்றிப் பேசுமுன், அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள்.