320 ரூபாய் காபிக்கா, நாற்காலிக்கா?

இது நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கீழே கமெண்ட் எழுத வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் மூன்று நாளாக ஒரு கேலி ஓடிக்கொண்டிருக்கிறது. என் தம்பி மகள், தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களுடன் நான்கு நாள் மும்பை போய் வந்தாள். சொந்தச் சம்பளத்தில் போனாள். எடுத்த படங்களைக் குரூப்பில் போட்டாள். பாதிக்கு மேல் கஃபே படங்கள். பச்சைச் சுவர், தொங்கும் செடிகள், ஜன்னல் வெளிச்சம், நுரையில் இலை வரைந்த காபி, எதிரில் இவள். ஒரு படத்தில் பில்லின் ஓரம் தெரிந்துவிட்டது. ஒரு காபி 320 ரூபாய். அவ்வளவுதான்.

“வீட்டில் காபித்தூள் தீர்ந்துபோச்சா?” என்றார் ஒருவர். “சுவரைப் பார்க்கவா மும்பை வரைக்கும் போனாங்க?” என்றார் இன்னொருவர். “எங்க காலத்தில் அது ஒரு மாசச் சம்பளம்” என்றார் மூன்றாமவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். என்னிடம் படித்தவர்களில் சிலரும் முகநூலில் இதே மாதிரி மீம்ஸ்களைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று அவள் அந்தப் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குரூப்பில் கேலி செய்த பெரியவர்களில் பலர் தினமும் காலையில் டீக்கடைக்குப் போகிறவர்கள். ஒரு டீ 15 ரூபாய். வீட்டில் டீத்தூள் இல்லாமலா போகிறீர்கள்? 6 மணிக்கு வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, 7 மணிக்கு அங்கே போய் இன்னொன்று. பெஞ்சில் இடம், இரண்டு பேப்பர், அரசியல், ஊர்வம்பு, மழை வருமா வராதா என்று ஒரு ஆராய்ச்சி. 9 மணிக்குத்தான் எழுந்திருக்கிறீர்கள். அந்த 15 ரூபாய் டீக்கு அல்ல, பெஞ்சுக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. மனிதருக்கு வீட்டுக்கு வெளியே உட்கார ஓர் இடம் வேண்டும். உங்களுக்கு அது 15 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்தப் பெண்ணுக்கு 320 ரூபாய் ஆகிறது. வாடகை ஒன்றுதான், விலைதான் வேறு. அந்த விலை வித்தியாசம் ஏன் என்று யாருமே கேட்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

நம் ஊரில் ஆண்கள் சும்மா உட்காரும் இடங்களைச் சொல்கிறேன். டீக்கடை பெஞ்சு, சலூன், ஆலமரத்தடி, பாலத்துச் சுவர், கட்சி மன்றம், குட்டிச்சுவர். பெண்களுக்குச் சொல்லுங்கள் பார்ப்போம். கோயில் என்பீர்கள். சரி, வேறு? ரேஷன் கடையில் இருக்கிறோம், நின்றுகொண்டு. குழாயடியில் இருக்கிறோம், நின்றுகொண்டு. பள்ளிக்கூட வாசலில் பேரப்பிள்ளைக்காக இருக்கிறோம், அங்கேயும் நின்றுகொண்டுதான். முன்பு திண்ணையாவது இருந்தது. அதையும் இடித்து கிரில் கேட் போட்டாயிற்று.

நான் வேலைக்குப் போன காலத்தில் நடுவில் பஸ் மாற வேண்டும். முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். உடன் வேலை பார்த்த ஆண் ஆசிரியர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பரே திருத்திவிடுவார்கள். நாங்கள் பெண்கள் தூணோரம் பையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். டீ வேண்டுமென்றால், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கிக் குடிப்போம். போர்டு போட்டு யாரும் எங்களைத் தடுக்கவில்லை. “டீச்சர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாங்க” என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் போதும், போர்டே தேவையில்லை. எங்கள் அப்பா தினமும் போய் உட்கார்ந்த கடைக்குள் எங்கள் அம்மா ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போனால் பெண்களை ‘ஃபேமிலி ரூம்’ என்று ஸ்கிரீன் போட்ட அறைக்குள் அனுப்புவார்கள். உள்ளே ஃபேன்கூட ஓடாது.

இது பெண்கள் சங்கதி மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் காபி, டீ குடிக்கிற இடம் எப்போதுமே யார் உட்காரலாம் என்ற சண்டைக்களம்தான். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்ற ஹோட்டலின் போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியாரின் தொண்டர்கள் தினமும் மறியல் செய்து கைதானார்கள். கிராமத்து டீக்கடைகளில் ஒரு சாராருக்குத் தனி டம்ளர் கொடுத்து, பெஞ்சில் உட்காரவிடாமல் தரையில் உட்காரவைத்த கதை உங்களுக்கே தெரியும். அப்போதும் “டீதான் கொடுக்கிறோமே, உட்கார்ந்துதான் குடிக்கணுமா?” என்றுதான் கேட்டார்கள். சண்டை எப்போதும் நாற்காலிக்குத்தான் நடந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

“போட்டோவுக்காகத்தானே போகிறார்கள்?” ஆமாம், போட்டோவுக்காகவும்தான் போகிறார்கள். நம் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்டுடியோவில் தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் நின்றோம். ஊட்டிக்கே போகாதவர்கள் ஊட்டித் திரைக்கு முன்னால் நின்றோம். பொருட்காட்சியில் அட்டை விமானத்துக்குள் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம். நாம் நின்றதாவது பொய்த் திரை. இந்தப் பெண்கள் உட்கார்ந்தது உண்மையான நாற்காலி. நான் அந்தப் படங்களை நன்றாகப் பார்த்தேன். அவள் முகத்தில் அவசரம் இல்லை. “சீக்கிரம் வா, அடுப்பில் பால் இருக்கு” என்ற முகம் இல்லை. நம் குடும்ப ஆல்பத்தில் அப்படி ஒரு முகத்தோடு ஒரு பெண் இருக்கிறாளா? தேடிப் பாருங்கள்.

“ஊரைப் பார்க்காமல் கஃபேவில் உட்கார்ந்தால் அது பயணமா?” மும்பையில் கஃபேவும் ஊர்தான் ஐயா. தோபி தலாவ் பக்கம் கயானி என்று ஓர் இரானி கஃபே இருக்கிறது. 1904இல் தொடங்கியது. ஈரானிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இப்படி நூற்றுக்கணக்கான கடைகளைத் தெருமுனைகளில் திறந்தார்கள். சலவைக்கல் மேஜை, வளைத்த மர நாற்காலி, கட்டம் போட்ட மேஜை விரிப்பு, சுவரில் பெரிய பெரிய கண்ணாடி. பன் மஸ்காவும் டீயும் வாங்கினால் கூலித் தொழிலாளியும் வக்கீலும் ஒரே கடையில் உட்காரலாம். இன்று அவற்றில் கொஞ்சம்தான் மிச்சம். கயானியிலும் இந்தப் பெண்கள் படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்கு மட்டும் “அருமை, பாரம்பரியம்” என்று எழுதினீர்கள். அந்தக் கண்ணாடியும் மேஜை விரிப்பும் அந்தக் காலத்தில் எதற்கு வைத்தார்கள்? கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும், உட்காரத் தோன்ற வேண்டும் என்றுதானே? நூறு வருடம் கழிந்தால் பாரம்பரியம், இன்றைக்கு வைத்தால் பகட்டா?

“காபிக்கு இவ்வளவு விலையா?” பெங்களூரு பிரிகேட் ரோட்டில் 1996இல் முதல் கஃபே காபி டே திறந்தபோது இன்டர்நெட் கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். அன்றைக்கே அவர்கள் விற்றது மேஜையையும் நேரத்தையும். கடை வாடகை, ஏசி, ஆள் சம்பளம், இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாத நாற்காலி, சுத்தமான கழிப்பறை. இதெல்லாம் போகத்தான் பாலும் தூளும். கடைசியில் சொன்ன கழிப்பறையைக் கவனியுங்கள். நாள் முழுக்க ஊர் சுற்றும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். வெளியூர் கிளம்பும் நாளில் தண்ணீரே குடிக்காமல் புறப்படுகிறவர்கள் அவர்கள்.

மும்பையைச் சேர்ந்த மூன்று பெண்கள், ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே, 2011இல் ‘ஒய் லாய்ட்டர்?’ என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண்களுக்குப் பாதுகாப்பான ஊர் என்று பெயர் வாங்கிய மும்பையிலேயே, வெளியில் நிற்கும் பெண் ஏதோ ஒரு வேலையாக வந்ததைப் போலக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறார்கள். வேலை இல்லாமல், காரணம் சொல்லாமல், சும்மா வெளியில் இருப்பதும் உரிமை என்பதுதான் அவர்கள் வாதம். கஃபே அந்தக் காரணத்தை விலைக்கு விற்கிறது. பில் கையில் இருந்தால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. குரூப்பில் அதை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். 320 ரூபாய் இல்லாத பெண் எங்கே உட்காருவாள்? கீரை விற்றுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு எந்தக் கஃபே? அவளுக்குக் கஃபே பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே மும்பையில் மரைன் டிரைவ் இருக்கிறது. கடலோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு சுவர். டிக்கெட் இல்லை, பில் இல்லை. இரவிலும் பெண்கள் அங்கே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி மகள் போட்டதில் அந்தப் படமும் ஒன்று. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குப் பிடித்த படம் அதுதான். கேட்க வேண்டியதும் அதைத்தான். 2021 மே மாதத்திலிருந்து நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டை விட்டு வெளியே வந்தாயிற்று. இறங்கியபின் உட்கார இடம்? பஸ் ஸ்டாண்டில் நிழலில் பெஞ்சு, தண்ணீர் வரும் கழிப்பறை, மாலையிலும் திறந்திருக்கும் நூலகம், விளக்கு எரியும் பூங்கா. கவுன்சிலரிடம் இதைக் கேட்டு ஒரு மனு எழுத உங்களில் எத்தனை பேருக்கு நேரம் இருந்தது? மீம்ஸ் அனுப்ப மட்டும் நேரம் இருந்தது.

கஃபேவுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகப் போங்கள், நன்றாகப் படம் எடுங்கள். பக்கத்து மேஜைக்காரர் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் பெண்ணையும் ஒரு நிமிடம் பாருங்கள். அவளுக்கு உட்கார ஸ்டூல் இருக்கிறதா? கோழிக்கோடு துணிக்கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. நம் ஊர்க் கஃபேவில், துணிக்கடையில், அந்த இருக்கை கண்ணில் படவில்லை என்றால் கல்லாவில் கேளுங்கள். நீங்கள் காசு கொடுத்து உட்காருகிறீர்கள். அவள் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிறாள். நாற்காலியின் அருமை தெரிந்தவர்கள் அடுத்தவருக்கும் கேட்க வேண்டும்.

எனக்கு மறுப்புச் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். டீச்சர் ரிட்டையர் ஆனாலும் வீட்டுப்பாடம் ரிட்டையர் ஆகாது.

நாளை மாலை 6 மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் வரை நடந்து போங்கள். வழியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண்களை எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்களையும் எண்ணுங்கள். பூ விற்கிறவர், காய் விற்கிறவர், பிச்சை கேட்கிறவர், இவர்களைக் கழித்துவிடுங்கள். மிச்சம் வரும் இரண்டு எண்களையும் கமெண்டில் எழுதுங்கள். அதன் பிறகு 320 ரூபாயைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்